நூற்றியிருபத்தேழாவது பிள்ளை

அந்தோணியார்துறையில் டெல்சியின் வீடு எது என்று கேட்டால், "எந்த டெல்சி? பாரம் நிரப்புத டெல்சியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். மீன் விற்கிற டெல்சி ஒருத்தி உண்டு, கோயிலில் பாட்டுக்கு நிற்கிற டெல்சி ஒருத்தி உண்டு. இவள் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பாரம், அதாவது கேள்விப் படிவம், நிரப்புகிறவள். ஒரு விதியும் வைத்திருந்தாள். நாலு மணிக்கு மேல் எந்த வீட்டிலும் உட்கார மாட்டாள். கேள்வி பாதியில் நின்றாலும் சரி, கலெக்டரே வந்து எதிரில் நின்றாலும் சரி, நாலு அடித்தால் பேனாவை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

அந்தத் தொழில் சுனாமி கொண்டுவந்தது. இரண்டாயிரத்து நாலு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் ஏறி இறங்கிப் போன பிறகு, முதலில் அரிசி வந்தது, பிறகு போர்வை வந்தது, பிறகு பெரிய மனுசர்கள் காரில் வந்தார்கள். அவர்களெல்லாம் போன பிறகு வந்தது ஆராய்ச்சி. அடேயப்பா, அப்படி ஒரு கூட்டம்! ஒரு சாரார் வந்து வீடு வீடாக எண்ணிக்கொண்டு போனார்கள். நடந்ததை நடந்தபடி சொல்வது விவரண ஆய்வாம். ஒரு பேராசிரியர் வந்து கோயிலில் உட்கார்ந்து பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டினார், அது வரலாற்று ஆய்வு. ஒருத்தி ஒரே வீட்டில் ஒரு மாசம் குடியிருந்து அந்த வீட்டுக்காரி அழுதது, சிரித்தது, மீன் கழுவியது எல்லாவற்றையும் எழுதினாள். அது தனியாள் ஆய்வு. இன்னொரு கூட்டம் வந்து பிள்ளையைப் பறிகொடுத்த பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆறுதல் சொல்லிவிட்டு, மறு பாதியைச் சும்மா விட்டு, யாருக்கு முதலில் தூக்கம் வருகிறது என்று பார்த்தது. அது சோதனை ஆய்வு. அந்த மறு பாதி என்ன பாவம் செய்தது என்று கேட்க ஊரில் அன்றைக்கு ஆளுக்குத் தெம்பில்லை.

இந்தக் கூட்டத்தில்தான் அழகியநாயகி வந்தாள். பூதப்பாண்டிக்காரி, பிள்ளைமார் வீட்டுப் பெண், சமூகவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நாற்காலி கேட்டபோது இவள் தரையில் உட்கார்ந்து, கொடுத்த சாயாவைக் குடித்தாள். கடற்கரைப் பேச்சு அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. பெண்கள் அவளிடம் வாயைத் திறக்கவும் இல்லை. பிளஸ் டூ படித்த, அச்சு மாதிரி எழுதுகிற ஒருத்தி இருக்கிறாள் என்று கோயில் உபதேசியார் யோவான் டெல்சியைக் கைகாட்டிவிட்டார்.

டெல்சிக்கு அப்போது முப்பத்தொரு வயசு. புருசன் ஞானதாசன் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தான். மூத்தவன் லிஜின் பள்ளிக்கூடம் போய் வந்தான். இளையவள் அபினா அந்த ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு எடுத்த மஞ்சள் உடுப்போடு, அடுத்த வீட்டுக் குளோரியின் மகன் ஷிஜின் கையைப் பிடித்துக்கொண்டு சிப்பி பொறுக்கக் கரைக்குப் போனவள். அவளுக்கு ஆறு வயசு, அவனுக்கு ஒன்பது. இரண்டு பேரும் கிடைக்கவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

வேலையை அழகியநாயகி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவள் செய்வது அளவை ஆய்வு. அறுபது வீடு, எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நம்முடைய எண்ணத்தைக் கலக்கக் கூடாது, திருத்தக் கூடாது. எல்லா வீட்டுக்கும் போகும் முன்னால் ஒரு வீட்டில் கேட்டுப் பார்த்துக் கேள்வி சரியா என்று தெரிந்துகொள்வது முன்னோட்டம். அந்த முன்னோட்டத்துக்கு டெல்சி தன் வீட்டையே வைத்துக்கொண்டாள். ஒன்றாம் நம்பர் படிவத்தை அவளே கேட்டு, அவளே பதில் சொல்லி, அவளே எழுதினாள்.

ஏழாவது கேள்வி, பிள்ளைகள் எத்தனை பேர். இரண்டு என்று எழுதினாள். கீழே பேர், வயசு, வகுப்பு. லிஜின், பதினொன்று, ஆறாம் வகுப்பு. அபினா, ஏழு, இரண்டாம் வகுப்பு. இடையில் ஆகஸ்டு வந்து போயிருந்தது, அதனால் வயசை ஏழாக்கினாள். பிறந்தநாள் வந்தால் வயசு கூடத்தானே செய்யும்?

இதைப் பொய் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கடற்கரையில் ஒரு முறை உண்டு. கடல் கொண்டுபோனவனை, உடம்பு கரையேறாத வரைக்கும் வீட்டுக் கணக்கில் கழிக்க மாட்டார்கள். சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். "எங்க அவரு?" என்றால் "கடல்ல" என்பார்கள், வருசம் மூன்றானாலும். ஆகவே மண்ணில் வைத்த பிள்ளையை எல்லாத் தாய்மாரும் கழித்துச் சொன்னார்கள். கிடைக்காத பிள்ளையை யாரும் கழிக்கவில்லை. டெல்சியும் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினாள். வயலையும் குளத்தையும் பார்த்து வளர்ந்த அழகியநாயகிக்கு இது எப்படித் தெரியும்? செத்தால் சுடுகாடு, பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு, அதோடு கணக்குத் தீர்ந்தது அவர்கள் பக்கம்.

ஒன்றாம் படிவத்தை எழுதிய அன்று சாயங்காலம் நாலேகாலுக்கு, வாசற்படியில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சின்னச் செருப்பு, ஒன்று முதலில், ஒன்று பிறகு. தொடர்ந்து அரிசி வாளியின் மேல் பள்ளிக்கூடப் பையைப் போடுகிற 'பொத்'. அபினா பையை அங்கேதான் போடுவாள், எத்தனை ஏசினாலும் கேட்க மாட்டாள். டெல்சி அடுக்களையில் சாயாப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். வெளியே வந்து பார்த்தபோது படியில் ஒன்றுமில்லை, வாளி மேல் ஒன்றுமில்லை. அவளுக்குப் பயம் வரவில்லை. எட்டு மாசத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

மறுநாளும் நாலேகாலுக்கு வந்தது. அதற்கு மறுநாளும். ஞானதாசனிடம் சொன்னாள். அவன் வலையைப் பார்த்துக்கொண்டே, பூனையாக இருக்கும் என்றான். பூனை செருப்பு போட்டுக்கொண்டு வருமா என்று டெல்சி கேட்கவில்லை. சின்ன தம்ளர் ஒன்றில் பால் கூட்டிய சாயாவை ஊற்றி வைக்கத் தொடங்கினாள். யாரும் குடிக்க மாட்டார்கள், ஆறிப்போகும், அவளே எடுத்துக் குடிப்பாள். எழுதி வைத்ததால்தான் பிள்ளை வருகிறாள் என்று அவளுக்கு உறுதியாகப்பட்டது. பேர் இருக்கிற இடத்துக்குத்தான் ஆள் வரும்.

சுனாமி நடந்து ஒரு வருசம் ஆயிற்று. முதல் நினைவுத் திருப்பலியில் சாமியார் கிடைக்காதவர்களுக்கும் சேர்த்துப் பூசை வைத்தார். பூசை முடிந்த கையோடு உபதேசியார் யோவான் கோயில் பதிவேட்டில் அவர்கள் பேரையெல்லாம் சிவப்பு மையால் வெட்டிவிட்டார். கோயிலுக்குக் கணக்குத் தீர்ந்தது. தாய்மார் யாரும் அந்தப் பதிவேட்டைப் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் அழகியநாயகி முகம் வெளிறிப்போய் வந்தாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அட்டவணையைக் கோயில் பதிவேட்டோடு வைத்துச் சரிபார்த்திருக்கிறார். படிவப்படி அறுபது வீட்டில் நூற்றி நாற்பத்து மூன்று பிள்ளைகள். பதிவேட்டுப்படி நூற்றி இருபத்தாறு. பதினேழு பிள்ளைகள் கூடுதல். வீட்டுக்குள் உட்கார்ந்து இஷ்டத்துக்கு நிரப்பினீர்களா என்று கேட்டிருக்கிறார். மூன்று வருசப் படிப்பு தண்ணீரில் போகிற நிலைமை.

கிடைக்காத பிள்ளைகளைக் கழிக்காத கடற்கரை முறையை டெல்சி சொன்னாள், அதில் தன் வீடும் ஒன்று என்பதை மட்டும் விட்டுவிட்டு. கேட்டுக்கொண்டிருந்த அழகியநாயகி அழுதுவிட்டாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் புரியுது அக்கா. ஆனா அட்டவணைக்கு உயிரோட இருக்கவங்க எண்ணிக்கைதான் வேணும். அதுக்கு இவ்வளவுதான் தெரியும்" என்றாள். அந்தப் பதினேழு வீட்டுக்கும் போய், அவர்கள் வாயால் கேட்டு, பேரை வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அதைச் செய்ய டெல்சியை விட்டால் வேறு யார்?

மூன்று நாள் போனாள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை, சன்னல் வழியாகத் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஒரு வீட்டில் தகப்பன் வந்து, "வெட்டிக்கோ, வெட்டிக்கோ, மேல இருக்கவனே வெட்டியாச்சு, நீ என்ன" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கிப் போனான். ஒருத்தி பேனாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியாகக் குளோரி வீடு, இரண்டாம் நம்பர் படிவம். குளோரி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

"எழுதினது நீதான? நீயே வெட்டு. எனக்க வாயால நான் சொல்ல மாட்டேன்."

டெல்சி வெட்டினாள். 'ஷிஜின்' என்ற பேரின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் டெ. என்று ஒரு எழுத்து. கை நடுங்கவில்லை என்பதுதான் பிற்பாடு அவளை அறுத்தது.

பதினாறு முடிந்தது. பதினேழாவது அவள் மடியில் இருந்தது. மணி நாலடித்திருந்தது. வீட்டுக்கு வந்து ஒன்றாம் படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்து உட்கார்ந்தாள். நாலேகாலுக்குச் செருப்புக் கழன்றது, பை விழுந்தது. டெல்சி பேனாவை மூடினாள். வெட்டினால் இது நின்றுபோகும் என்று அவளுக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரியும். படிவத்தைக் கட்டின் அடியில் செருகி மறுநாள் கொடுத்துவிட்டாள்.

இப்போது கூட்டினால் நூற்றி இருபத்தேழு வந்தது. இன்னும் ஒன்று இடிக்கிறதே என்று அழகியநாயகி கேட்டபோது, ஒரு பிள்ளைக்கு வேறு ஊரில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அதனால் இங்கே பதிவேட்டில் இல்லை என்று டெல்சி கண்ணைப் பார்த்துச் சொன்னாள். ஒன்றுதானே என்று பேராசிரியரும் விட்டுவிட்டார். பட்டம் கிடைத்தது. அழகியநாயகி ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரமும், ஆய்வேட்டின் பிரதி ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தாள். தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் அந்த அட்டவணை இருந்தது. அபினா பேர் அதில் இல்லை, எண் மட்டும்தான். ஆனாலும் டெல்சி அந்தப் பக்கத்தில் குருத்தோலை ஒன்றை அடையாளம் வைத்திருந்தாள்.

பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் என்று எல்லா இடத்து மாணவர்களும் டெல்சியைத் தேடி வந்தார்கள். "என்ன ஆய்வு பிள்ளே?" என்றுதான் முதலில் கேட்பாள். தெரியாமல் முழித்தால் அவளே சொல்லுவாள். எண்ண வந்தியா, கதை கேட்க வந்தியா? எண்ண வந்தா எல்லார்ட்டயும் ஒண்ணுபோல கேளு. கதை கேட்க வந்தா ஒருத்தர்ட்ட போய் உக்காரு, வாயப் பொத்திக்கிட்டு உக்காரு. ரெண்டையும் குழப்பாத. பேராசிரியர்கள் ஒரு பருவம் முழுக்க நடத்துவதை இவள் ஒரு சாயா ஆறுமுன் சொல்லிவிடுகிறாள் என்று பையன்கள் சிரிப்பார்கள். நாலு மணிக்கு அவள் எழுந்து ஓடுவதையும் சொல்லிச் சிரிப்பார்கள். குளோரி மட்டும் தன் வாசலில் இருந்து அந்த ஓட்டத்தைப் பார்ப்பாள், சிரிக்க மாட்டாள்.

வருசங்கள் போகப் போக டெல்சிக்கு ஒன்று உறுத்தியது. லிஜின் வளர்ந்து மீசை வைத்து, டிப்ளமா முடித்து, மஸ்கட்டுக்கும் போய்விட்டான். வருகிற காலடி மட்டும் வளரவில்லை. அதே சின்னச் செருப்பு, அதே 'பொத்'. மனசில் கணக்குப் போட்டுப் பார்ப்பாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. அந்த வயசுப் பெண் இப்படியா நடப்பாள்? பதினாறு வீட்டுத் தாய்மாரை ரோட்டில் பார்க்கும்போது தலையைக் குனிந்துகொள்வாள். களவாண்டதை ஒளித்து வைத்தவளின் நடை அவளுக்கு வந்துவிட்டது.

இரண்டாயிரத்துப் பதினாலு ஆகஸ்டில் தன்யா வந்தாள். தோவாளைப் பெண், தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ, கையில் தடித்த கோப்பு. அழகியநாயகி இப்போது கல்லூரி ஆசிரியை, அவளிடம் படிக்கிற மாணவி. என்ன ஆய்வு என்று டெல்சி வழக்கம்போலக் கேட்டாள்.

"தொடர் ஆய்வு ஆன்ட்டி. மேடம் அன்னைக்கு எடுத்த அதே அறுபது வீடு, அதே நூத்தி இருபத்தேழு பிள்ளைங்க. ஒன்பது வருசத்துல என்ன ஆனாங்கன்னு ஒவ்வொருத்தரா தேடிப் பாக்கணும்."

டெல்சி கோப்பை வாங்கிப் புரட்டினாள். கோப்பில் அறுபது படிவமும் இருந்தன, அவள் கையெழுத்தோடு. பேர்ப் பட்டியலைத் தன்யா ஏற்கெனவே தட்டச்சு செய்துவிட்டாள். ஒன்றை மட்டும் உருவி எடுத்து ஒளிக்கவும் வழியில்லை. மேலத் தெருவில் இருந்து தொடங்கலாம் என்று டெல்சி சொன்னாள். அறுபதில் இருந்து கீழே இறங்கி வருகிறாற்போல.

அப்படியே இறங்கினார்கள். ஐம்பத்தொன்பதாம் வீட்டுப் பெண் நர்சிங் முடித்திருந்தாள். நாற்பதாம் வீட்டுப் பையன் விசைப்படகில் போகிறான். முப்பத்திரண்டில் ஒருத்திக்குக் கல்யாணமாகி மடியில் பிள்ளை. தன்யாவுக்கு ஒரே சந்தோசம், யாரும் விடுபடவில்லை என்று. டெல்சிக்கு ஒவ்வொரு நாளும் நம்பர் குறையக் குறையச் சோறு இறங்கவில்லை. இருபது. பதினொன்று. ஐந்து. ஞானதாசன் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் குளோரி வீட்டுக்கு வந்தார்கள். குளோரியின் மகள் திருச்சியில் படிக்கிறாள், அதை எழுதிக்கொண்ட தன்யா படிவத்தில் இருந்த கோட்டைக் காட்டி, இது ஏன் வெட்டியிருக்கிறது என்று டெல்சியிடம் கேட்டாள். கடலில் போன பிள்ளை, தவறுதலாக எழுதியது, பிறகு வெட்டினது என்று டெல்சி சொன்னாள். தன்யா, பாவம், விவரம் தெரியாத பிள்ளை, அங்கேயே உட்கார்ந்தபடி அடுத்த படிவத்தைப் புரட்டினாள்.

"ஒண்ணாம் நம்பர் உங்க வீடுதான ஆன்ட்டி? லிஜின் அண்ணன் மஸ்கட். அடுத்தது அபினா. அப்ப ஏழு வயசு, ரெண்டாங் கிளாஸ். இப்ப பிளஸ் ஒன்னா இருக்கணும். எங்க படிக்கா? நான் பாக்கவே இல்லியே."

குளோரி எழுந்து வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள்தான், ஆனால் தேடினது எழுத்தை அல்ல, கோட்டை. கோடு இல்லை. தாளை டெல்சி முன்னால் வைத்தாள்.

"ஓடுவியே நாலு மணிக்கு," என்றாள். "அவ வருவாளா?"

டெல்சி தலையை ஆட்டினாள். கண்ணீர் தாடையில் வழிந்து இறங்கியது, துடைக்கவில்லை.

"எனக்கும் வந்தான் ஏட்டி. மத்தியானத்துக்கு மேல, செவுத்துல பந்த எறிஞ்சு எறிஞ்சு பிடிக்கிய சத்தம். நீ பேனா வச்சு வெட்டுன அன்னைக்கோட நின்னு போச்சு. ஒங்கிட்ட நான் ஒரு நாளும் சொல்லல்ல."

வெட்டினால் நின்றுபோகும் என்று எட்டு வருசமாக டெல்சி பயந்தது உண்மையாகிவிட்டது. தனக்கு நடக்கக் கூடாது என்று பயந்ததைப் பதினாறு வீட்டுக்குச் செய்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன்யாவிடம் இருந்து பேனாவைக் கேட்டு வாங்கினாள். குளோரி அவள் கையைப் பிடித்தாள்.

"வெட்டாத பிள்ளே. எங்களுக்குத்தான் போச்சு. ஒனக்காவது வரட்டும்."

அந்தச் சொல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் டெல்சி ஒருவேளை வெட்டாமல் விட்டிருப்பாள். குளோரி இரண்டு ஏச்சு ஏசியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு, படிவத்தை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடியிருப்பாள். இத்தனை பெரிய மனசுக்கு முன்னால் பிள்ளையை ஒளித்து வைக்க முடியவில்லை. கையை விடுவித்துக்கொண்டாள். 'அபினா' என்ற பேரின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் டெ. என்று எழுதினாள். இந்தத் தடவை எழுத்து கோணிப்போனது. வயசையும் ஆறு என்று திருத்தினாள். பிறகு, அழகியநாயகியிடம் தான் பொய் சொன்னதை அவளே போய்ச் சொல்லிக்கொள்வதாகத் தன்யாவிடம் சொன்னாள். தன்யா அழுதுகொண்டே பட்டியலில் நூற்றி இருபத்தாறு என்று மாற்றினாள்.

அன்றைக்கு நாலடித்ததை டெல்சி கவனிக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது ஐந்தாகிவிட்டது.

மறுநாள் மூன்றரைக்கே சாயா போட்டுவிட்டாள். சின்னத் தம்ளரையும் கழுவி எடுத்து வைத்தாள், பழக்கம் விடவில்லை. கதவைத் திறந்து வைத்து, அரிசி வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாலேகால் ஆயிற்று. நாலரை ஆயிற்று. தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளின் இரைச்சல் வந்து, தேய்ந்து, போயிற்று. வீடு வெறும் வீடாக மட்டும் இருந்தது.

அப்போது வாசற்படியில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. டெல்சி விருட்டென்று எழுந்தாள். குளோரி நின்றுகொண்டிருந்தாள்.

"வந்தாளா?"

"இல்ல."

குளோரி உள்ளே வந்து வாளிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். சின்னத் தம்ளரில் இருந்த சாயா ஆறிப்போயிருந்தது. அவள் அதை எடுத்துக் குடித்தாள்.